வேலையை விடுவதற்கு முன் நித்திரையைச் சரிசெய்யுங்கள்

மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் ஏழு வருடங்களாகக் கள உத்தியோகத்தராக வேலை செய்யும் 33 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தைத் தருகிறேன்.

பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்த நுண்கடனைக் கிழமைதோறும் அறவிடுவது இவருடைய வேலை. செங்கலடி, சித்தாண்டி, கிரான் பக்கமாகப் பதினொரு சென்டர்கள், அதாவது குழுக்கள் கூடிக் காசு கட்டும் இடங்கள். மூன்று பேர் பார்த்த இடத்தை, ஒருவர் விலகிப்போன பிறகு இரண்டு பேர் பார்க்கிறார்கள். அன்றைக்கு எவ்வளவு அறவிடுவார் என்ற தொகையைக் காலை ஏழரைக்குள் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பின்னேரம் எவ்வளவு குறைந்தது, யார் குறைத்தது என்று பெயரோடு அதே குழுவில் வரும். அன்றைய தவணைக்காசு முழுதாகக் கைக்கு வராமல் ஊரைவிட்டு வெளிக்கிடக் கூடாது என்பது மனேஜரின் உத்தரவு. சில நாட்களில் இரவு ஏழு மணிவரை கடன்காரரின் வீட்டு விறாந்தையிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. காசு குறைந்தால் தன் கைக்காசைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுகிறார். அதற்காகவே சங்கிலியை அடகு வைத்திருக்கிறார்.

எட்டு மாதமாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வட்ஸ்அப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை விறைக்கிறது, வயிறு எரிகிறது. மகனுக்குக் காரணமில்லாமல் ஏசுகிறார். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கண்ணூறு என்கிறார். மேசன் வேலை செய்யும் கணவர், "இந்தக் காலத்தில் மாதச் சம்பளம் வருவதே பெரிய காரியம்" என்கிறார். நிறுவனம் போன மாதம் எல்லோரையும் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மனஅழுத்தம் பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தது. நல்லதையே நினைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அடுத்த திங்கட்கிழமை டாகெட்டை, அதாவது அறவிட வேண்டிய இலக்குத் தொகையைக் கூட்டினார்களாம். "எனக்குத்தான் மனத்தைரியம் காணாது போல" என்று எழுதியிருக்கிறார். விலகல் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். ஆனால் விலகினால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு போய்விடும் என்று யாரோ சொன்னதால் தயங்கி, விலகுவதா இருப்பதா என்று கேட்கிறார். மனநல கிளினிக்குக்குப் போனால் ஊருக்குத் தெரிந்து, தங்கையின் கலியாணம் குழம்பிவிடுமோ என்றும் பயம்.

அன்பின் தங்கச்சி,

நீங்கள் கேட்ட கேள்விகளை விட்டுவிட்டு, கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. திருமலை வீதியில் ஸ்கூட்டியில் வரும்போது, "ஒரு லொறி வந்து அடிச்சா எல்லாம் முடிஞ்சிரும்" என்று இரண்டு மூன்று தரம் நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதியது நல்லது. மிகவும் களைத்துப்போனவர்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. அதனால் நீங்கள் பாவியும் இல்லை, கோழையும் இல்லை. ஆனால் இதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது. இன்றைக்கே உங்கள் கணவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால், அதை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படிச் செய்வது என்று யோசிக்கும் அளவுக்குப் போனாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் பக்கத்து அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

அப்படி மனம் குழம்பிய நாளில் ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள், அல்லது லீவு போடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உடம்பில் நடப்பது என்ன

ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றால் இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் படபடப்பு பொய் என்று அர்த்தமில்லை. ஸ்கூட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு அக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் இரையும். எஞ்சினில் பழுதில்லை, முறுக்குகிற கை ஓயவில்லை. ஆபத்து வருகிறது என்று மூளை கணக்குப் போட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும். அப்படி வேகவேகமாக மூச்சு விடும்போதுதான் கை விறைப்பதும் உதட்டைச் சுற்றிக் கூசுவதும் வருகிறது. கூடவே கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் கூடுகிறது. இது இயல்பாகவே விடியப்புறத்தில் ஏறத் தொடங்குவது. அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் நித்திரை குலைவதும், குலைந்த பிறகு மறுபடி கண் அயராமல் அன்றைய கணக்கு தலைக்குள் ஓடுவதும் அடிக்கடி நடக்கும். பாம்பைக் கண்டால் இந்த ஏற்பாடு பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு அடங்கிவிடும். உங்களுக்குக் காலை ஏழரைக்கு ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், இரவு பத்துக்கு ஒரு தரம் என்று எட்டு மாதமாக அது அடங்க இடமே கிடைக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் மனஅழுத்தத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. தைரொயிட் கூடினாலும் படபடப்பும் நித்திரையின்மையும் வரும். இரத்தசோகை இருந்தாலும் களைப்பும் படபடப்பும் வரும். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். நீங்கள் எடுத்த சோதனைகளில் இவை இருந்ததாக எழுதவில்லை. அடுத்த தரம் போகும்போது கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். போகிற இடத்தில் டொய்லெட் கேட்க வெட்கமாக இருப்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று. களத்துக்குப் போகும் பெண்கள் பலர் செய்கிற காரியம் இது. அவர்கள் தலையிடி, சிறுநீர் எரிவு என்று வந்த பிறகுதான் அதைச் சொல்வார்கள். மட்டக்களப்பு வெயிலில் ஹெல்மெட்டும் ஜக்கெட்டும் போட்டு ஸ்கூட்டியில் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் திரிந்தால், எந்தக் கவலையும் இல்லாதவருக்கே நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். பதினொரு சென்டரிலும் உங்களை மனதாரக் கூப்பிடும் ஒரு வீடாவது இருக்கும். அந்த வீட்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போத்தலை நிரப்பிக்கொண்டு போங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம்.

அம்மாவின் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போய் நூல் கட்டுவதால் அம்மாவுக்கும் உங்களுக்கும் மனம் ஆறுமென்றால் தாராளமாகக் கட்டுங்கள். கிளினிக்குக்கும் போங்கள். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்யக் கூடாது என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையில் பாதியை நீங்கள் விழுங்குவதை ஏற்க முடியாது. அந்த வகைக் குளிசைகள்தான் பழக்கமாகிவிடும். காலையில் மந்தம் மிஞ்சியிருக்கும், அந்த மந்தத்தோடுதான் நீங்கள் ஸ்கூட்டி ஓடுகிறீர்கள். இடைக்கிடை எடுத்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கிழமைக்கணக்காகத் தினமும் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், வைத்தியரிடம் சொல்லிக் குறையுங்கள்.

மனத்தைரியம் காணாது என்கிறீர்களே

இந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாசிக்குடாவில் சொல்லிக்கொடுத்த மூச்சுப்பயிற்சி தவறில்லை. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது படபடப்பைக் குறைக்கும், அதைக் கைவிடாதீர்கள். ஆனால் மூன்று பேருடைய வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, அழுத்தத்தைத் தாங்கப் பழகுங்கள் என்று ஒரு நாள் வகுப்பு எடுத்தால், பழுது முழுவதும் உங்களிடம்தான் இருக்கிறது என்று நீங்களே நம்பத் தொடங்குவீர்கள். நம்பியும்விட்டீர்கள்.

ரொபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் எங்கள் துறையில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. ஒரு வேலை ஆளிடம் எவ்வளவு கேட்கிறது, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அந்த ஆளுக்கு எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் அவர் சேர்த்துப் பார்த்தார். நிறையக் கேட்டுவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காத வேலைதான் ஆட்களை மிக மோசமாகச் சோரவைக்கிறது என்று கண்டார். உங்கள் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். யாருக்குக் கடன் கொடுப்பது என்பது உங்கள் முடிவில்லை. டாகெட் உங்கள் முடிவில்லை. கஷ்டப்பட்ட ஒருத்திக்குத் தவணையைத் தள்ளிப்போடும் அதிகாரம் உங்களுக்கில்லை. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவது என்பதுகூட உங்கள் கையில் இல்லை. காசு குறைந்தால் குழுவில் வரும் பெயர் மட்டும் உங்களுடையது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இப்படியான வேலைச் சோர்வுக்குத் தனியே ஓர் இடம் கொடுத்திருக்கிறது. உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலைமீது வெறுப்பும் விலகலும் வருவது, என்ன செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலையிட அழுத்தத்தால் வருவது என்று அதன் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்பான நிலை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ளது அந்த எல்லையைத் தாண்டி, பதகளிப்பு நோயாகவோ (அடங்காத பயமும் பதற்றமும்) மனச்சோர்வு நோயாகவோ மாறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்திருப்பது, பிடித்த காரியத்திலும் விருப்பமில்லாமல் போவது, சாவைப் பற்றிய எண்ணம் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. அதனால்தான் கிளினிக்குக்குப் போகச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா, "சுனாமியையே தாண்டி வந்தோம், இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தையைச் சொல்லாத வீடு குறைவு. யுத்தத்தையும் 2004 டிசம்பரையும் கண்ட தலைமுறையின் வலியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பெரிய அடி பட்டவர்களுக்குச் சின்ன அடி வலிக்காது என்று வைத்தியத்தில் எங்கும் இல்லை. பழைய அதிர்ச்சி இருக்கும் சிலருக்குப் புதிய அழுத்தம் இன்னும் சீக்கிரமாகத் தாக்கும்.

சித்தாண்டி விறாந்தை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது சித்தாண்டியில் நடந்தது. உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர் கடன்காரராக இருக்கிறார். அவரிடம் அன்றைக்குக் காசில்லை, உங்களுக்குப் போக உத்தரவில்லை. பிளேன்டீ தந்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவருடைய மகள் விறாந்தை விளக்கின் கீழே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, அடிக்கடி நிமிர்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணி தாண்டியதும் உங்கள் பேர்ஸில் இருந்து 2,000 ரூபாய் எடுத்து, அவர் பெயரில் பற்றுச்சீட்டு எழுதிவிட்டு வந்துவிட்டீர்கள்.

உங்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன். இந்த வேலையில் உங்களைக் களைக்கவைப்பது வேலைப்பளு மட்டும் இல்லை. சரியில்லை என்று மனச்சாட்சி சொல்வதைத் தினமும் கையால் செய்ய வேண்டியிருப்பது அதைவிடக் கூடுதலாக உங்களை உடைக்கிறது. இந்தப் பக்கத்தில் நுண்கடனால் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்று உங்களுக்குத் தெரியும். 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அவற்றில் மட்டக்களப்பும் ஒன்று. அப்படியான ஒரு சிக்கலைத் தன் பேர்ஸால் தீர்க்க ஒரு கள உத்தியோகத்தரால் முடியாது.

ஆகவே கைக்காசு போடுவதை இந்தக் கிழமையோடு நிறுத்துங்கள். இதுவரை யாருக்காக, எந்தத் திகதியில், எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீங்கள் போட்டு நிரப்புவதால் உங்கள் சென்டர்களில் நிலுவை இல்லை என்று மேலிடம் நினைக்கிறது, நினைத்து டாகெட்டைக் கூட்டுகிறது. அதோடு, நாளைக்கு ஒரு கணக்காய்வு வந்தால், கடன்காரர் தராத காசுக்கு ஏன் பற்றுச்சீட்டு எழுதினீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இரக்கத்தால் செய்தேன் என்பதை எல்லோரும் நம்பமாட்டார்கள். இனி காசு வராத நாளில் வரவில்லை என்றே எழுதுங்கள். கட்ட முடியாமல் இருப்பவரிடம், தவணையை மாற்றித் தரும்படி கிளைக்கு எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நிறுவனம் மத்திய வங்கியின் மேற்பார்வைக்கு உட்பட்டதாக இருந்தால், அங்குள்ள நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அவர் முறையிடவும் முடியும். சிநேகிதிக்கு 2,000 ரூபாயைவிட இந்த வழியைச் சொல்வது கூடுதலாக உதவும்.

சட்டத்தில் உங்களுக்கு உள்ளவை

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் வேலையால் நோயாகி வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி இந்த அளவு எனக்குப் பழக்கம். உறுதிப்படுத்திக்கொள்ள மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு உங்கள் நியமனக் கடிதத்துடன் போங்கள். விசாரிக்கக் காசு வேண்டியதில்லை.

ஈ.பி.எஃப். காசு விலகினால் போய்விடும் என்று சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் நிறுவனம் போட வேண்டிய 12 வீதமும் உங்கள் பெயரில்தான் இருக்கும். வேறு இடத்தில் சேர்ந்தால் அதே கணக்கில் தொடரும். பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். நிறுவனம் தனியாகக் கட்டும் 3 வீத ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) தொகையை வேலையைவிட்ட பிறகு கோரலாம். நிறுவனம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை (கிரெச்சுவிட்டி) பெற உரித்துடையவர். மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்கள் ஏழு வருடத்துக்கு மூன்றரை மாதச் சம்பளம். விலகி 30 நாட்களுக்குள் அதைத் தர வேண்டும்.

வேலை நேரக் கணக்கையும் பாருங்கள். நீங்கள் எழுதியபடி காலை எட்டிலிருந்து இரவு ஏழுவரை எல்லா நாளும் நிற்கும் கிழமையில், இடைவேளையைக் கழித்தால் நாளுக்கு 10 மணித்தியாலம், சனி அரைநாளோடு கிழமைக்கு 55 வருகிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8, கிழமைக்கு 45. அதற்கு மேல் செய்வது மேலதிக நேரம், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும், சுகவீனம் போன்ற காரணங்களுக்கு 7 நாள் கெஷுவல் லீவும் உண்டு. நியமனக் கடிதத்தில் 'எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டிருந்தால் மேலதிக நேரக் கணக்கு மாறலாம், அதைத் தொழில் அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். இந்த வருடம் நீங்கள் எடுத்தது மொத்தம் மூன்று நாள் லீவுதான் என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

நோயாளி என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். ஆகவே ஒரு அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களே எழுதித் தந்துவிட்டுப் போங்கள்" என்று யாராவது சொன்னால் கையெழுத்து வைக்காமல் எழுந்து வாருங்கள். பலவந்தமாக விலகவைத்தால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போகலாம். ஆனால் உங்கள் கைப்பட எழுதிய விலகல் கடிதம் அவர்கள் கையில் இருந்தால் வழக்கு பலவீனப்படும். அந்தக் காரணத்துக்காகவே கைப்பையில் உள்ள கடிதத்தை இன்றைக்கு வெளியே எடுங்கள். மோசமான ஒரு பின்னேரத்தில் அது மனேஜரின் மேசைக்குப் போய்விடக் கூடாது.

இதில் உள்ள ஆபத்தையும் மறைக்க விரும்பவில்லை. முறைப்பாடு செய்தால் தூரத்துக் கிளைக்கு மாற்றலாம், குழுவில் இன்னும் ஏசலாம், சின்ன ஊரில் பெயர் அடிபடலாம். சட்டம் இதையெல்லாம் தடுத்துவிடாது. அதனால் முறைப்பாட்டை உடனே செய்யச் சொல்லமாட்டேன். ஆதாரங்களை மட்டும் இப்போதே சேருங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், இரவில் வந்த வட்ஸ்அப் செய்திகளின் படங்கள், ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்ட நேரமும் வீடு வந்த நேரமும். இவற்றை அலுவலகக் கணினியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

விலகுவதா, இருப்பதா

வேலையை விடும் முடிவுக்கு நான் எதிரில்லை. மூன்றரை மாதக் காசும் ஈ.டி.எஃப்.பும் கையில் வரும் என்று தெரிந்த பிறகு, வேறு வேலை தேடிக்கொண்டு விடுவது நியாயமான தெரிவாகக்கூட இருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக ஒழுங்காக நித்திரை கொள்ளாத ஒருவர் எடுக்கும் முடிவில் எனக்கு நம்பிக்கையில்லை. மனச்சோர்வு இருக்கும்போது எல்லா வழியும் அடைபட்டதுபோலத்தான் தெரியும். அதே நிலையில் வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தால், வருமானம் போன கவலையும் சேர்ந்து நோய் கூடலாம். 2022க்குப் பிறகு வீட்டுச் செலவு எப்படி ஏறியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் இரண்டு கிழமை லீவு எடுங்கள். வருடாந்த லீவு மிச்சம் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டால், பொதுவான சொற்களில் எழுதித் தரும்படி வைத்தியரிடம் முன்பே கேளுங்கள். லீவு நாட்களில் அந்த வட்ஸ்அப் குழுவைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு, இரவு ஒன்பதுக்குப் பிறகு போனை அறைக்கு வெளியே வையுங்கள். விடிய எழும்ப ஒரு சின்ன அலாரம் மணிக்கூடு வாங்கினால் போதும். வேலைக்குத் திரும்பிய பிறகும் இந்த வழக்கம் தொடரட்டும்.

திரும்பிப் போனதும் மனேஜரிடம் கதையுங்கள். "எனக்கு ஸ்ட்ரெஸ், சேர்" என்று தொடங்கினால் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, "எல்லோருக்கும்தான்" என்று முடித்துவிடுவார். "பதினொரு சென்டரையும் இருட்ட முன்னம் முடிக்க ஏலாது சேர். எந்த இரண்டைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆறு மணிக்குப் பிறகு கடன்காரர் வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்பதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். ஒரு பெண்ணை இரவில் தனியாக இன்னொருவர் வீட்டில் இருக்கச் சொல்லும் உத்தரவை எழுத்தில் தர எந்த மனேஜரும் தயங்குவார். கதைத்து முடிந்ததும் அதையே இரண்டு வரி ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள். மற்ற உத்தியோகத்தரையும் கூடக் கூட்டிப்போக முடிந்தால் நல்லது, அவரும் இதே பாட்டைத்தான் படுகிறார். கிளைக்குள் கவுண்டர், ஆவண வேலை ஏதாவது காலியாகிறதா என்றும் விசாரியுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் உங்கள் நிலையில் அதை ஏற்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்று மாதம் கழித்து, நித்திரை திரும்பியிருக்கிறதா, அவர்கள் ஏதாவது மாற்றினார்களா என்ற இரண்டையும் வைத்து முடிவெடுங்கள். நித்திரை வந்தும் வேலை மாறவில்லை என்றால், அப்போது விலகல் கடிதத்தைத் தெளிந்த மனதோடு எழுதலாம்.

கிளினிக்குக்குப் போவது

மனநல கிளினிக்குக்குப் போனவர் விவரத்தை வைத்தியசாலை யாருடைய நிறுவனத்துக்கும் அறிவிப்பதில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சையும் மருந்தும் இலவசம். வாசலில் தெரிந்தவர் யாராவது காண்பார்களோ என்ற பயம் உண்மையான பயம்தான். ஆனால் அங்கே வருபவர்கள் ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், நித்திரை இல்லாத வயோதிபர்கள். யாராவது கேட்டால் நித்திரைக்கு மருந்து எடுக்க வந்தேன் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

மருந்து தேவைப்பட்டால் தருவார்கள். மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இப்போது முதலில் கொடுக்கும் மருந்துகள் நித்திரைக் குளிசைகளைப்போல அடிமையாக்குபவை அல்ல. முதல் கிழமையில் குமட்டல், கொஞ்சம் கூடிய படபடப்பு வரலாம். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. நாலாம் நாள், "இது சரிவரவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. குணம் தெரிந்த பிறகும் சில மாதங்கள் எடுக்க வேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

போகும் நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "வேலை இருப்பதே பெரிய காரியம்" என்று அவர் சொல்வது உங்கள்மேல் அக்கறை இல்லாமல் இருக்காது, வீட்டுச் செலவை நினைத்துச் சொல்லியிருப்பார். வைத்தியர் ஒரு தரம் எடுத்துச் சொன்னால் அவருக்கு வேறு மாதிரி விளங்கும். ஈ.சி.ஜி. துண்டு, இரத்தப் பரிசோதனைகள், விழுங்கிய குளிசையின் உறை, கடந்த பத்து நாளில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று எழுதிய ஒரு தாள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். முதல் நாள் நேரம் எடுக்கும், அன்றைக்கு வேறு அலுவல் வைக்காதீர்கள்.

மருந்தோடு கதைத்துப் பேசவும் ஓர் ஆள் வேண்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு எடுப்பதில்லை. உங்கள் பிரதேசத்தில் தெரிந்த முகம் இருக்குமோ என்று கூச்சப்பட்டால், பக்கத்துப் பிரதேச செயலகத்தில் போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். போகமுன் போன் எடுத்து, எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைப்போல அவர்களும் பாதி நாள் களத்தில்தான் இருப்பார்கள்.